மனநல வார்டில் தம்பியைச் சேர்க்கலாமா?

கேள்வி (வியாசர்பாடி): என் தம்பி மூன்று வாரங்களாக உறங்கவில்லை, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். மருத்துவர் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறார். அங்கே சங்கிலியில் கட்டுவார்கள், மொட்டையடிப்பார்கள் என்று அம்மா அழுகிறார். உள்ளே இருந்து வந்தவர்கள் யாரேனும் சொல்லுங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை): நான் 26 நாள்கள் இருந்தேன். முதல் இரவில் தண்ணீரில் விஷம் கலந்திருப்பதாக நான் அலறியபோது, இரவுப் பணியில் இருந்த செவிலியர் என்னோடு வாதிடாமல், ஒரே சொம்பிலிருந்து இரண்டு டம்ளர்களில் ஊற்றி, முதலில் தாம் குடித்துவிட்டு, நான் குடிக்கும்வரை கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்தார். "பயமாகத்தான் இருக்கும் அண்ணா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். மருந்து பலன் தரப் பல நாள்கள் ஆயின. எனக்கு அந்த இரவே ஏதோ தணிந்துவிட்டது. எல்லோரும் அப்படி இல்லை. பகலில் ஒருவர் என்னைப் படுக்கை எண்ணைச் சொல்லியே கூப்பிடுவார். அது இன்னும் உறுத்துகிறது.

பதில் (ராயபுரம்): 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையும் கட்டாய மொட்டையையும் தடை செய்கிறது. தம்பி சம்மதித்தால் அவராகவே சேரலாம். முடிவெடுக்க இயலாத நிலையில், அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் துணைநிற்க அவரே நியமித்தவர், இல்லையெனில் உறவினர் போன்றோர்) விண்ணப்பித்தால், சட்டம் கூறும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலில் 30 நாள்கள் வரை சேர்க்கலாம். அவசரத்தில் பேச, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இரவிலும் இலவசம். "கீழ்ப்பாக்கம்" என்று கேலி பேசும் அக்கம்பக்கத்தாரைப் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. அவனுடைய சொந்தச் சட்டைகளைக் கொடுத்தனுப்பலாமா?

பதில் (தண்டையார்பேட்டை): தாராளமாக அனுப்புங்கள் அக்கா, விருப்பப்பட்டால் சொந்த உடை அணிவதும் அவருடைய உரிமை. நான் என் பழைய கட்டம்போட்ட சட்டையில்தான் இருந்தேன்.