காசு கட்டிப் பாட்டுக் கேட்டவன் பேச்சுக்குத்தான் மதிப்பா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

லயத்துப்பையன்

“ஓசியில கேக்குறவனுக்கு என்னடா பேச்சு?” இதை யாராவது உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்காங்களா? இல்ல, நீங்க யாரையாவது பார்த்துச் சொல்லியிருக்கீங்களா? மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் டவுனோ, சுத்தியிருக்கிற தோட்டமோ, எங்க நடந்திருந்தாலும் எழுதுங்க. தத்துவம் வேணாம், சம்பவம் வேணும்.

நானே ஆரம்பிக்கிறேன். 2006. யோகி பி & நட்சத்திராங்கிற நம்ம மலேசிய ராப் குழுவோட ‘வல்லவன்’ ஆல்பம் வந்த நேரம். எங்க வயசுப் பசங்க வேற எதையும் காதுல வாங்கல. டவுன்ல முடிவெட்டுற கடையில அந்த ஆல்பத்து ‘மடை திறந்து’ ஓடிக்கிட்டு இருக்கு. அதோட மூலப் பாட்டு 1980-ல ‘நிழல்கள்’ படத்துல இளையராஜா இசையில எஸ்.பி.பி. பாடினது, உங்களுக்கே தெரியும். நாற்காலியில ஒரு பையன். பெஞ்சில பத்திரிகையோட ஒரு தாத்தா, ஓய்வு பெறுற வரைக்கும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர்.

பாட்டு முடிஞ்சதும் தாத்தா சொன்னார்: “பழைய பாட்டுல பாடுறவன் இன்னும் ஒண்ணும் ஆகல. ஆகப்போறோம்ங்கிற சந்தோஷத்துல துள்ளுறான். இவன் ஜெயிச்சு முடிச்சவன் மாதிரி பேசுறான். ரெண்டும் வேற வேற பாட்டு.”

பையனுக்கு அது குறையாப் பட்டிருச்சு. “தாத்தா, நான் காசு போட்டு ஒரிஜினல் சிடி வாங்கியிருக்கேன். நீங்க ரேடியோவுல சும்மா கேட்டவரு.”

தாத்தா பத்திரிகையை மடிச்சு வெச்சார். “சும்மாவா? அந்தக் காலத்துல ரேடியோ வெச்சிருந்தா போஸ்டாபீஸ் போய் லைசன்ஸ் கட்டணும்டா. நீ ஒரு தடவைதான் கட்டுன. நான் வருஷா வருஷம் கட்டுனேன்.”

கடைக்காரர் கத்தரியை நிறுத்திட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆனா அந்த லைசன்ஸ் பதிலே தேவையில்லைன்னு தோணுது. அவர் லைசன்ஸ் கட்டாம ஒளிச்சு வெச்சுக் கேட்டிருந்தாலும் அந்த ரெண்டு பாட்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் மாறிடுமா?

கேசட்கடை மகள்

எங்க அப்பா டவுன்ல கேசட் கடை வெச்சிருந்தார். ஒரிஜினலும் விப்பார், லிஸ்ட் எழுதிக் கொடுத்தா பிளாங்க் கேசட்டுல பதிஞ்சும் கொடுப்பார். சம்பளம் போட்ட வாரத்துல கடைக்குள்ள நிக்க இடம் இருக்காது.

காசு கொடுத்தவங்க சொன்னதை அப்பா தட்டவே மாட்டார். “சரணம் பாதியில நிக்குது”, “ரெண்டாம் பக்கம் சத்தம் கம்மியா இருக்கு”, இப்படி வந்தா பேசாம திரும்பப் பதிஞ்சு கொடுப்பார். 90 நிமிஷக் கேசட் கேட்டா மட்டும் வேணாம்னு சொல்லிப் பார்ப்பார். அதுல நாடா மெலிசு, சீக்கிரம் சிக்கிக்கும், 60 போதும்பார். பாதிப் பேர் கேக்க மாட்டாங்க. காசு அவங்களுது.

ஆனா எந்தப் படத்துப் பாட்டை நிறைய எடுத்து வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும்னா, வாங்குறவங்ககிட்ட கேக்கவே மாட்டார். கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிக்கிற சாக்குல ஸ்பீக்கர்ல பாட்டுக் கேக்குற கூட்டம் ஒண்ணு இருக்கும். புதுப் பாட்டைப் போட்டுட்டு அவங்க முகத்தைத்தான் பார்ப்பார். “வாங்குறவன் போன மாசத்துப் பாட்டைக் கேப்பான், நிக்கிறவன் அடுத்த மாசத்துப் பாட்டைச் சொல்லுவான்” இது அப்பா அடிக்கடி சொல்றது. அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் ஒரு கேசட் வாங்கி நான் பார்த்ததில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். லிஸ்ட் போட்டுப் பதிஞ்சு வாங்கினவங்க எல்லாரும் “நான் காசு கொடுத்துக் கேட்டவன்”னு இப்போ பேசுறாங்க. அந்தக் காசு எங்க அப்பாவுக்கு வந்துச்சு. என் ஸ்கூல் பீஸ் அதுதான். பாட்டுப் போட்டவருக்கு அதுல ஒரு காசு போகல. அப்ப அவங்க யாருக்குக் கட்டினவங்க?

மோட்டோ மச்சான்

அக்கா கேட்ட கேள்விதான் கேள்வி. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) மூணு சிடி பத்து வெள்ளின்னு (ரிங்கிட்) வாங்கின காலத்துல நாங்களும் “காசு கொடுத்து வாங்கினோம்”னுதான் சொல்லிக்கிட்டோம். 2003 வாக்குல ஒரிஜினல்ல மினுக்குற முத்திரை ஒட்டணும்னு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கையில இருக்கிறது எதுன்னே தெரிஞ்சது. முத்திரை இல்லாத சிடிக்குக் கட்டினவன் பெரிய ரசிகனா, கட்டாதவன் பெரிய ரசிகனான்னு கேட்டா, விக்கிறவன் மேசையை மடிச்சுட்டு ஓடுறதைத்தான் நான் ரசிச்சுப் பார்த்திருக்கேன்.

மேடைப்பாடகி

நான் இசைக்குழுவுல பாடுறேன். கோயில் திருவிழா, கல்யாண விருந்து, தீபாவளி நிகழ்ச்சி எல்லாம் உண்டு. இதை எழுதியே ஆகணும்.

கல்யாண விருந்துல ஒரு அங்கள் மேடைக்கு வந்து ஐம்பது வெள்ளி நோட்டை எங்க லீடர் கையில அழுத்திட்டு ஒரு பழைய பாட்டைக் கேட்டார். பாடினேன். முடிஞ்சதும் மறுபடி ஏறி வந்தார். “சுசீலாம்மா மாதிரி இல்லம்மா. அந்த இடத்துல இழுக்கணும். இன்னொரு தடவை பாடு.” லீடர் என்னைப் பார்க்கிறார், நான் நோட்டைப் பார்க்கிறேன். பாடினேன். “இப்பவும் இல்ல” அப்படின்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பாடு ஆறுதுன்னு முறைக்கிறாங்க.

அவர் சொன்னதுல தப்பில்ல, அந்த இழுப்பு எனக்கு வராதுதான். ஆனா அவர் சொன்னதுக்கு முன்னாடியே, பாத்திரம் எடுத்துட்டுப் போன அம்மா ஒருத்தங்க நின்னு, “கண்ணு, சுதியை அரைக் கட்டை கீழ வெச்சுக்கோ, உனக்கு அந்த இடம் வரும்”னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அவங்க அம்பது காசு கூடக் கொடுக்கல. கேட்டரிங் வேலைக்கு வந்தவங்க. அடுத்த நிகழ்ச்சியில கீழ வெச்சேன், வந்துச்சு.

அங்களோட ஐம்பது வெள்ளி பத்தி யோசிச்சுப் பார்த்தேன். அது எந்தப் பாட்டுங்கிறதை வாங்கிச்சு, எத்தனை தடவைங்கிறதையும் வாங்கிச்சு. நல்லாருக்கா இல்லையாங்கிறது அந்த விலையில வரல. அதுவும் போக, அந்த நோட்டு எங்க லீடர் பாக்கெட்டுக்குத்தான். பாட்டு எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் போகணும்னா, பொதுவுல வாசிக்கிறதுக்கு உரிமம் எடுத்துக் கட்டணும். இங்க 1989-லிருந்து எம்.ஏ.சி.பி.ங்கிற அமைப்பு அதுக்காகத்தான் இருக்கு. 2017-ல தன் பாட்டை மேடையில பாடுறதுக்கு அனுமதி வேணும்னு இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினப்போ நம்ம ஆளுங்க சண்டை போட்ட சண்டை ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ரொம்பச் சத்தமாப் பேசினவங்க யாரும் அந்த உரிமம்னா என்னன்னு என்கிட்ட கேட்டதில்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். தாங்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சங்கத்தில் பங்கு வாங்கினார்கள்.

அங்கே பணம் கட்டியவருக்குத்தான் பேச்சுரிமை. கட்டாதவர் கூட்டத்தில் கை தூக்க முடியாது. அது சரியும்கூட, ஏனென்றால் நட்டம் வந்தால் அவர் பணம்தான் போகும். ஆனால் கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். ஒரு பங்கு வைத்திருப்பவரும் நிறையப் பங்கு வைத்திருப்பவரும் தூக்குவது ஒரு கை. காசு உள்ளே விடும். உள்ளே போன பிறகு குரலைப் பெரிதாக்காது.

பாட்டு விஷயத்தில் ரசிகர் எந்தப் பங்கையும் வாங்குவதில்லை. ஆல்பம் நட்டமானால் அவருக்கு ஒன்றும் போவதில்லை. ஆகவே பங்குதாரர் தோரணையில் பேசுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. வானொலி உரிமம் பற்றி அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. என் தந்தையாரும் கட்டியிருக்கிறார். அதை வைத்து வானொலி நிலையத்தாரிடம் ஒரு பாட்டை மாற்றச் சொல்ல முடிந்ததா? நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிக் காத்திருந்ததுதான் மிச்சம்.

சின்னச்சம்பளம்

எல்லாரும் ஓசிக்காரனுக்கே வக்காலத்து வாங்குறீங்க. நான் வேற பக்கம் பேசுறேன்.

நான் செம்பனை (பாமாயில்) தோட்டத்துல வேலைக்குச் சேர்ந்த புதுசு. சம்பளத்துல கடைப்பற்றை அடைச்சு, அம்மா கையில கொடுத்து, மிச்சத்துல ஒரு ஒரிஜினல் கேசட். ஒண்ணே ஒண்ணு. அடுத்த சம்பளம் வரைக்கும் வீட்டுல அதுதான் ஓடும். முதல் வாரம் பிடிக்காத பாட்டு மூணாவது வாரத்துல பிடிக்க ஆரம்பிக்கும், ஏன்னா வேற வழி இல்ல. காசு போட்டாச்சு, கேட்டுத்தான் ஆகணும். பக்கத்து வீட்டுப் பையன் ரேடியோவுல அதே பாட்டை ஒரு தடவை கேட்டுட்டு “சப்பை”ன்னுவான். அவனும் நானும் ஒண்ணா?

ஐயா சொன்ன பங்குக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா காசு போட்டவன் காது பொறுமையா இருக்கும். அந்தப் பொறுமைக்கு ஒரு மதிப்பு உண்டு.

லயத்துப்பையன்

அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்றது கேசட் காலத்துக் காசு. 2013-ல ஸ்பாட்டிஃபை இங்க வந்ததுக்கப்புறம் மாசம் கட்டுறவன் என்ன பண்றான்? முதல் பத்து வினாடி பிடிக்கலன்னா அடுத்த பாட்டுக்குத் தாவிடுறான். கட்டுறதால பொறுமை வர்ற கணக்கு அங்க உடைஞ்சு போச்சு. இன்னும் சொன்னா, ஓசியில கேக்குறவனாலதான் நினைச்சப்பல்லாம் தாவ முடியாது, நடுவுல விளம்பரத்தையும் சேர்த்துக் கேக்கணும்.

கீபோர்டு தம்பி

நாங்க சில பேர் சேர்ந்து முன்னாடி ஒரு ஆல்பம் போட்டோம். திருவிழாக் கடைப் பக்கத்துல மேசை போட்டு சிடி வித்தோம். சொந்தக்காரங்க எல்லாம் “எனக்கு ஒண்ணு கொடு லா”ன்னு கேட்டாங்க. கொடுத்தோம்.

வாங்கின அண்ணன் ஒருத்தர் பார்க்கிற இடமெல்லாம், “நான் காசு கொடுத்து வாங்கினவன், அடுத்ததுல ரெண்டு காதல் பாட்டு போட்டுடு”ம்பார். அதே நேரத்துல ப்ளூடூத்ல காப்பி அடிச்சுக் கேட்ட ஸ்கூல் பையன் ஒருத்தன் வந்து, “அண்ணே, மூணாவது பாட்டுல வரி புரியல. வார்த்தை முடியிற இடமெல்லாம் டிரம் விழுது”ன்னான். போட்டுக் கேட்டோம். பையன் சொன்னது நிஜம். மறுபடி மிக்ஸ் பண்ணினோம். காதல் பாட்டு போடல.

ஆனா ஒண்ணு. ஸ்டூடியோ வாடகையை ப்ளூடூத் பையன் கட்டல. காதல் பாட்டு கேட்ட அண்ணன்தான் கட்டினார். அவர் மாதிரி இன்னும் நூறு பேர் வாங்கியிருந்தா ரெண்டாவது ஆல்பம் வந்திருக்கும். வரல. அதனால “காசு முக்கியமில்ல, காதுதான் முக்கியம்”னு யாராவது பெருந்தன்மையாப் பேசுறப்போ எனக்கு லேசா எரியும். மிக்ஸைத் திருத்த பையன் போதும். அடுத்த பாட்டு பிறக்கணும்னா அண்ணன் வேணும்.

இப்போ ஆன்லைன்ல பாட்டு விடுறோம். ஒருத்தர் எழுதினார்: “நான் பிரீமியம் கட்டுறேன், ரெண்டு மாசமா உங்க பாட்டு மட்டும்தான் கேக்குறேன், அதனால சொல்றேன்...” ரொம்ப நன்றி அண்ணே. ஆனா நீங்க கட்டுற காசு நேரா எனக்கு வராது. எல்லாரும் கட்டினது ஒரே குளத்துல சேரும், அந்த மாசம் மொத்தம் ஓடினதுல எங்க பாட்டு எவ்வளவு ஓடிச்சோ அந்தப் பங்குதான் எங்க பக்கம் வரும். நீங்க எங்களை மட்டும் கேட்டாலும் உங்க காசுல பெரும்பகுதி பெரிய ஆளுங்களுக்குத்தான். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில ஒரு பாட்டு முந்தின 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடலன்னா ஒலிப்பதிவுக்கான தொகை கணக்குக்கே வராது. எங்க பாட்டுல சிலது அந்தக் கோட்டைத் தொடல. பாடுறவங்ககிட்டயே நேரா பாட்டு வாங்குற பேண்ட்கேம் தளத்துல டிஜிட்டலா வாங்கினா அவங்க 15 விழுக்காடு எடுத்துப்பாங்க, பணம் அனுப்புற செலவு போக மிச்சம் எங்களுக்கு. அங்க வாங்கின ஒருத்தர் கருத்து சொன்னா கண்டிப்பா உட்கார்ந்து படிப்பேன். அவர் சொல்றது சரியா இருக்கும்னு அர்த்தமில்ல. படிப்பேன், பதில் போடுவேன், அவ்வளவுதான்.

சின்னச்சம்பளம்

தம்பி, அந்த ரெண்டாவது ஆல்பம் வேலை எதுவும் மிச்சம் கிடக்கா? கிடந்தா விடுங்க. நான் வாங்குறேன். காதல் பாட்டு கேக்க மாட்டேன்.

கீபோர்டு தம்பி

நாலு பாட்டு பாதியில இருக்குண்ணே. தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் விடுறோம். இங்க இருக்கிறவங்க, வாங்கினவங்க வாங்காதவங்க எல்லாரும், பாஸ் அதிகமா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுச் சொல்லாதீங்க.