யூஎஸ்பி சொருகினாலும் தொல்லை, பிடுங்கினாலும் தொல்லை: ட்ரெய்னர் டாங்கிளும் ஜிபிஎஸ் மீட்டரும்

மழைக்கால மிதிப்பான்:
வணக்கம். மழை ஆரம்பித்ததால் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே ஸ்மார்ட் ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்து, மிதிக்கும் சக்தியைக் கணினிக்கு அனுப்பும் கருவி) மாட்டி, லேப்டாப் செயலியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். விண்டோஸ் 10 லேப்டாப், இடப்பக்கம் இரண்டு யூஎஸ்பி போர்ட். ஒன்றில் ஆன்ட் பிளஸ் டாங்கிள் (ட்ரெய்னர் காற்றில் அனுப்பும் தகவலை வாங்கும் சின்ன யூஎஸ்பி துண்டு), ஒட்டினாற்போல் அடுத்ததில் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி, பாட்டும் படமும் அதில்தான். பத்து நிமிடம் ஒழுங்காகப் போகும், அப்புறம் வாட், அதாவது மிதிக்கும் சக்தி, பூஜ்யம். இங்கே நான் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருப்பேன், திரையில் என் ஆள் மேட்டில் சும்மா நிற்பான்.

இரண்டாவது, ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் மீட்டர். கேபிளில் இணைத்தால் பென்டிரைவ் மாதிரி வருகிறது, சில நேரம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. எஜெக்ட் கொடுத்தால் "பயன்பாட்டில் உள்ளது" என்று அடம். போன ஞாயிறு பழைய பயணக் கோப்புகளை அழித்துவிட்டு, பொறுமை இல்லாமல் அப்படியே பிடுங்கிவிட்டேன். அன்று காலை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வந்த கோப்பு இப்போது 0 கேபி காட்டுகிறது. நாலு மணிக்கு எழுந்து போனது. யாராவது உதவுங்கள்.

ஃபார்மட் பிரியன்:
விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய டைனமோ:
தம்பி, அதெல்லாம் வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், வாட் பூஜ்யம் ஆகும்போது லேப்டாப்பில் அந்த "டொடிங்" சத்தம், அதாவது யூஎஸ்பி கழன்றால் வரும் சத்தம், கேட்கிறதா? அதை வைத்துத்தான் நோய் எதுவென்று பிரிக்க முடியும். சத்தம் வந்தால் கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஏதோ ஒன்று. சத்தமே இல்லாமல் தகவல் மட்டும் நின்றால் டாங்கிள் கணினியோடு ஒட்டித்தான் இருக்கிறது, காற்றில் வரும் சிக்னல்தான் வந்து சேரவில்லை.

மழைக்கால மிதிப்பான்:
இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன் அண்ணே. மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். ட்ரெய்னருக்குச் சத்தம் இல்லை. மீட்டருக்கு மட்டும், கேபிளைத் தொட்டாலே டொடிங் டொடிங்.

பழைய டைனமோ:
அப்படியானால் இரண்டும் வேறு வேறு நோய்.

ட்ரெய்னருக்கு எதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, உங்கள் எஸ்எஸ்டி. இந்த மாதிரி எஸ்எஸ்டிகள் பயன்படுத்தும் வேகமான யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கசியும். இன்டெல் 2012-லேயே இதை ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஆன்ட் பிளஸ் பேசுவது 2457 மெகாஹெர்ட்ஸில். காதருகே மிக்ஸி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து ஒருவர் பேசுவது கேட்குமா? அதுதான் கதை. ப்ளூடூத்துக்கு மாறினாலும் அதுவும் அதே 2.4 தான், மேலும் போனில் உள்ள செயலி முந்திக்கொண்டு இணைந்துவிட்டால் பல ட்ரெய்னர்கள் லேப்டாப்பைச் சேர்க்காது. சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள், இரண்டு மீட்டர் நீளம் போதும், வாங்கி டாங்கிளை ட்ரெய்னருக்குக் கீழே கொண்டுபோய் வையுங்கள். வியர்வை சொட்டாத இடமாகப் பாருங்கள்.

கூடவே டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்தக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் அது காரணமில்லை, இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது.

மீட்டருக்கு, போர்ட்டை மூடும் ரப்பரைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மழைக்கால மிதிப்பான்:
பார்த்தேன். உள்ளே ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு. உப்பா அது?

பழைய டைனமோ:
உங்கள் வியர்வைதான். மீட்டரை அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷால் துடையுங்கள், ஊசியால் குத்தாதீர்கள், நன்றாகக் காய்ந்த பிறகே சொருகுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சைக்கிள் விளக்கோடு வரும் கேபிள் என்றால் அதில் பலவற்றில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகாது.

லாக் நோட்டு:
எஜெக்ட் ஆகாததற்கு நான் சொல்கிறேன். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் 225 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரோடு இருக்கும். பெரும்பாலும் மீட்டரோடு வந்த ஒத்திசைவு நிரல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதை மூடிவிட்டு எஜெக்ட் கொடுங்கள். விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பு முதல் விரைவு நீக்கம்தான் (எழுதுவதைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதிவிடும் முறை) இயல்பு அமைப்பு, ஆகவே எழுதி முடித்த கோப்பு பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் அழித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது பிடுங்கினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது, உங்களுக்கு நடந்தது அதுதான்.

தொலைந்த கோப்புக்கு ஒரு வழி இருக்கிறது. மீட்டரில் இனிமேல் எதையும் பதியாதீர்கள், அதில் உள்ள எல்லாவற்றையும் முதலில் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள், அப்புறம் செக்டிஸ்க் (chkdsk) என்ற விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்புக் கட்டளையை /f சேர்த்து மீட்டரின் டிரைவில் ஓட்டுங்கள். அநாதையாகக் கிடக்கும் துண்டுகளை சிஎச்கே (.chk) என்ற பின்னொட்டோடு சேர்த்துக் கொடுக்கும். பின்னொட்டை ஃபிட் (.fit, மீட்டர் பயணத்தைப் பதியும் கோப்பு வகை) என்று மாற்றித் திறந்து பாருங்கள். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மழைக்கால மிதிப்பான்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டேன், எஸ்எஸ்டி பாட்டுக்கு ஓட ஓட ஒரு மணி நேரம் மிதித்தேன், ஒரு தடவைகூட வாட் விழவில்லை. மீட்டர் இப்போது கேபிளை ஆட்டினாலும் கழல்வதில்லை. 225-இல் லாக் நோட்டு சொன்ன அதே நிரல்தான் இருந்தது, தொடக்கத்திலேயே ஓடாதபடி நிறுத்திவிட்டேன்.

செக்டிஸ்க் ஒரு சிஎச்கே கோப்பு கொடுத்தது. நேராகத் திறக்கவில்லை, ஃபிட் கோப்பைச் சரிசெய்யும் கருவி ஒன்றில் போட்டதும் வரைபடம் வந்துவிட்டது! மாமல்லபுரம் போய்த் திரும்பி கோவளம் வரை பாதை இருக்கிறது. அதற்குப் பிறகு கோடே இல்லை. பார்ப்பவர்கள் நான் கடலில் குதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.