மூலமா, பௌத்திரமா?

கேள்வி: ஆசனவாய் ஓரத்தில் கொப்புளம் மாதிரி ஒன்று, உள்ளாடையில் மஞ்சள் கறை. மூலக் களிம்பு 3 வாரம் தடவியும் அடங்கவில்லை. மூலம்தானா?

பதில் 1: மூலம் என்றால் பெரும்பாலும் வலியில்லாமல் பளிச்சென்று ரத்தம் சொட்டும், அல்லது சதை பிதுங்கும். வீங்கி, உடைந்து சீழ் வடிந்ததும் வலி குறைந்து, திரும்ப அதே இடத்தில் கிளம்பினால் பௌத்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்ளே குழாய் மாதிரிப் பாதை ஓடுவதால் களிம்பு எட்டாது.

பதில் 2: பௌத்திரப் பாதை, ஆசனவாயை இறுக்கி மூடும் சுருக்குத் தசையை எவ்வளவு கடக்கிறது என்பதுதான் முக்கியம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மேலோட்டமானால் திறந்துவிடுவார்கள். தசை அதிகம் சிக்கியிருந்தால் நூல் கோத்து வடியவிடுவார்கள். அங்கே வெட்டினால் மலத்தை அடக்கும் பிடிப்பே போய்விடலாம். தயவுசெய்து பெருங்குடல் அறுவை நிபுணரிடமே காட்டுங்கள்.

பதில் 3: வெதுவெதுப்பான நீரில் 10-15 நிமிடம் உட்கார்ந்தால் வலி தணியும், பௌத்திரம் ஆறாது. காய்ச்சலோடு வீக்கம் விண்விண் என்று தெறித்தால் அன்றைக்கே மருத்துவமனை, சீழை எடுத்தாக வேண்டும்.