ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, இரண்டே இரவில் 2,870 சிங்கப்பூர் வெள்ளி. இனிமேல் எந்த வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) போவது?

முறுக்கு வீட்டம்மா (ஈசூன்):

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஆண் பூனை, பெயர் முறுக்கு, நான்கு வயது. புளோக்குக்குக் கீழே கத்திக்கொண்டிருந்த குட்டியை மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து இன்றுவரை தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் தவிர வெட்டிடம் போனதே இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை மாலை மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். உட்கார்ந்து முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து நான் பூசணிக்காய் அவித்துக் கொடுத்தேன் (சிரிக்காதீர்கள்). இரவு பதினொன்றரைக்கு வாந்தி எடுத்தான், அப்புறம் கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொண்டு இதுவரை நாங்கள் கேட்காத ஒரு குரலில் கத்த ஆரம்பித்தான்.

அந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக் எல்லாம் மூடியாகிவிட்டது. செல்லப்பிராணி ஏற்றும் கிரேப் வாடகைக் கார் கிடைக்கவே இருபது நிமிடம். 24 மணி நேர மருத்துவமனையில் பார்த்தவுடன் அடைப்பு என்றார்கள், முன்பணம் 1,500 வெள்ளி கேட்டார்கள், கட்டினோம். இரண்டு இரவு. குழாய், டிரிப், ரத்தப் பரிசோதனை என்று கடைசியில் 2,870. பிழைத்துவிட்டான், அதில் குறையே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சம்பளம்தான். கையில் ரசீதை வைத்துக்கொண்டு எது கட்டாயம், எது கூடுதல் என்று தெரியாமல் விழிக்கிறேன். இப்போது இன்னொரு கிளினிக்கில் மறுபரிசோதனைக்குப் போனால், அங்கே விலை கூடிய தனி உணவு, பல் சுத்தம், முழு ரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியல் நீட்டுகிறார்கள். பல் சுத்தம் மட்டும் 900க்கு மேல்.

கேட்க வேண்டியது இதுதான். நல்ல வெட் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? இப்போது காப்புறுதி எடுத்தால் பிரயோசனம் உண்டா? என் தோழி எல்லை தாண்டி மலேசியாவில் ஜோகூருக்குக் கொண்டுபோ, பாதி விலை என்கிறாள், யாராவது போயிருக்கிறீர்களா?

செங்காங் நாய்க்காரன்:

ஜோகூர் பேச்சை முதலில் விடுங்கள் அக்கா. போவது சுலபம், திரும்பி வருவதுதான் பிரச்சினை. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை, அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு கெடுபிடி. பூனையை உள்ளே கொண்டுவர இறக்குமதி உரிமம், தடுப்பூசிச் சான்று, ரத்தச் சோதனை, தனிமைப்படுத்தல் என்று வரிசையாக இருக்கிறது. காரில் ஒளித்துக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட் விஷயம். நான் மூன்று இடம் மாறியவன். என்னுடைய அளவுகோல் ஒன்றுதான்: ஒரு சோதனை சொல்லும்போது "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். நல்ல மருத்துவர் நிதானமாகச் சொல்வார், சில சமயம் "இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம், இது இது நடந்தால் உடனே வாருங்கள்" என்பார். முன்பு நான் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) அந்தக் கேள்விக்கே முகம் மாறியது. என் நாய்க்கு ஒரு காது அரிப்பு, அதற்கு நான்கு தடவையும் நான்கு வேறு மருத்துவர்கள், ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், நான்கு ஆலோசனைக் கட்டணம். இப்போது போகும் இடம் பழைய கடைவீட்டில் இருக்கிறது, ஏசி கூட சுமார்தான், ஆனால் ஒரே டாக்டர், என் நாயின் வயிறு எதற்குக் கெடும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் வேண்டாம் என்று சொன்ன சோதனைகளில் நான் மிச்சப்படுத்திய காசு எந்தத் தள்ளுபடியிலும் கிடைத்திருக்காது.

கூகள் நட்சத்திரத்தை நம்பாதீர்கள். பிழைத்த பிராணியின் சொந்தக்காரர் ஐந்து போடுவார், இறந்த பிராணியின் சொந்தக்காரர் ஒன்று போடுவார், நமக்கு வேண்டியது இரண்டிலும் இருக்காது.

கூண்டுக்கு இந்தப் பக்கம்:

நான் ஒரு கிளினிக்கில் வெட் நர்ஸ். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், எதற்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அக்காவின் ரசீதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதை ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை நுனியில் மிகவும் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பு போதும். அடைத்துவிட்டால் வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அதனால்தான் முதலில் ரத்தம் எடுக்கிறார்கள், அது பட்டியலை நீட்டுவதற்கு அல்ல. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, குழாயை எடுத்த பிறகு அது தானாகப் போகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். இரண்டு இரவு என்பது நியாயம். மாலையிலேயே, கிளினிக் மூடுவதற்கு முன் வந்திருந்தால் இரவுக் கட்டணமாவது குறைந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா, முக்கால்வாசிப் பேர் மலச்சிக்கல் என்றுதான் நினைக்கிறார்கள். ஆண் பூனை முக்குகிறது, மணலில் ஈரமே இல்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

விலை ஏன் இவ்வளவு என்றால், அரசுப் பாலிகிளினிக்கில் நாம் கட்டுவது மானியம் போன மிச்சம். பூனைக்கு மானியமும் இல்லை, மெடிசேவும் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இல்லை, கூடவே 9 விழுக்காடு பொருள் சேவை வரி. சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரியே கிடையாது, மருத்துவர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் பெரும் செலவு செய்து படித்துவிட்டு வருகிறார்கள். எக்ஸ்ரே இயந்திரம், ரத்தம் சோதிக்கும் இயந்திரம் எல்லாம் மனிதர்களுக்கான விலையில்தான் வருகின்றன.

இதெல்லாம் சொன்னதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. நான் வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பீடு கேட்பவர்களுக்குத்தான் மதிப்பீடு கிடைக்கிறது. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "என்னிடம் 600 வெள்ளிதான் இருக்கிறது, அதற்குள் எது முக்கியம்?" என்று நேரடியாகச் சொல்லலாம், வெட்கமே வேண்டாம், டாக்டர்களுக்கும் அது உதவிதான், முன்னுரிமை வைத்துத் திட்டம் போடுவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலை வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எடுத்தது ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால், அதைக் காட்டிவிட்டு எதைத் திரும்ப எடுக்க வேண்டும், ஏன் என்று கேளுங்கள். சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்ததா என்று பார்க்க ஒன்றிரண்டு மட்டும் போதுமானதாக இருக்கலாம், முழுப் பட்டியலும் வேண்டியிருக்காது.

தனி உணவு பற்றி: முதலில் சிறுநீரில் எந்த வகைப் படிகம் என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரூவைட் என்றால் அந்த உணவு கரைத்துவிடும், கால்சியம் ஆக்சலேட் என்றால் கரைக்காது. தெரியாமல் மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். எந்த வகையானாலும் தண்ணீர் உள்ளே போக வேண்டும், உலர் உணவைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றுங்கள். பல் சுத்தம்: ஈறு சீழ் பிடித்து, சாப்பிட முடியாமல் இருந்தால் அவசரம். கொஞ்சம் காரை படிந்திருக்கிறது என்றால், இப்போதுதான் மயக்கம் கொடுத்த பூனைக்கு அடுத்த வாரமே திரும்ப மயக்கம் எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று. இரவு தங்க வைக்கச் சொன்னால் "இரவில் ஆள் இருப்பார்களா?" என்று கேளுங்கள். பல சாதாரண கிளினிக்குகளில் இருக்க மாட்டார்கள்.

பாத்தோக் தாத்தா:

காப்புறுதி பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இரண்டு நாய்கள் வளர்த்துப் புதைத்தவன், மூன்றாவது இப்போது சோபாவில் தூங்குகிறது. முதல் நாய்க்குக் காப்புறுதி கட்டினேன், ஆறு வருடம். கடைசியில் நோய் வந்தபோது முதலில் நாமே கட்ட வேண்டிய கழிவுத்தொகை, மீதியில் நாம் போட வேண்டிய பங்கு, ஆண்டு உச்சவரம்பு எல்லாம் போக வந்தது பில்லில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு அடுத்த வருடம் சந்தாவைக் கூட்டினார்கள். இரண்டாவதுக்கு மாதம் 80 வெள்ளி தனிக் கணக்கில் போட்டேன், யாரிடமும் படிவம் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. அதுவே மேல்.

அப்புறம் பெரியவன் என்ற முறையில் ஒன்று: வீட்டில் மருத்துவம் பார்க்கிறேன் என்று பூனைக்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள் அம்மா. ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க. நாய் வைத்திருப்பவர்கள் பாயசத்துத் திராட்சையையும் வெங்காயம் போட்ட சாம்பார் சோற்றையும் தட்டில் வைக்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் கிளினிக்கில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

செங்காங் நாய்க்காரன்:

தாத்தா, மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதம் 80 போட்டால் இரண்டு வருடத்தில் 1,920. என் நாய் எட்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே சோளக் கட்டையை விழுங்கிக் குடல் அறுவைச் சிகிச்சை, நாலாயிரத்துக்கு மேல். அப்போது தனிக் கணக்கில் என்ன இருந்திருக்கும்? காப்புறுதி முக்கால்வாசியைக் கொடுத்தது. குட்டியாக இருக்கும்போதே எடுத்தால் பயன் உண்டு, வயதான பிறகு எடுத்தால் நீங்கள் சொல்வது சரி.

பாத்தோக் தாத்தா:

அது உன் அதிர்ஷ்டம் தம்பி. சோளக் கட்டை விழுங்கியதைச் சொல்லவில்லை, காசு வந்ததைச் சொன்னேன்.

கூண்டுக்கு இந்தப் பக்கம்:

இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறதுதான். முறுக்கு விஷயத்தில், அடைப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இனி எந்தத் திட்டம் எடுத்தாலும் சிறுநீர் சம்பந்தப்பட்டது "முன்பே இருந்த நோய்" என்று வெளியே போய்விடும், அவனுக்குத் திரும்ப வரக்கூடியதும் அதுதான். அதனால் அந்தக் காசைத் தாத்தா சொன்ன மாதிரி தனியாகப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. படிவத்தில் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பணம் கேட்கும்போது கிளினிக் பதிவேடுகளை வாங்கிப் பார்ப்பார்கள்.

உட்லண்ட்ஸ் மூணாவது மாடி:

நேரமில்லை, சுருக்கமாக. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி, ஒரு வீட்டுக்கு இரண்டு. மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும், கருத்தடை செய்த பூனைக்கு 2026 ஆகஸ்ட் 31 வரையிலான இடைக்காலத்தில் உரிமம் இலவசம் என்று அறிவித்தார்கள். நாய்க்குக் கருத்தடை செய்திருந்தால் வருடம் 15 வெள்ளி, செய்யாவிட்டால் 90. குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் தரும் திட்டம் தேசியப் பூங்காக் கழகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. உரிமம் உள்ள கிளினிக்தானா என்றும் அவர்களுடைய இணையத்தளத்தில் பார்க்கலாம்.

முறுக்கு வீட்டம்மா (ஈசூன்):

எல்லாருக்கும் நன்றி. தாத்தாவுக்குத் தனியாக, பனடோல் கொடுக்கவில்லை, பூசணிக்காய் மட்டும்தான்.

நேற்று அங் மோ கியோவில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். மருத்துவமனை ரத்த முடிவுகளைக் கைப்பேசியில் காட்டினேன், "செய்யாவிட்டால் என்ன ஆகும்?" கேள்வியையும் கேட்டேன் (கேட்கும்போது குரல் நடுங்கியது, என்னவோ பரீட்சை எழுதுகிற மாதிரி). டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சிறுநீர் மட்டும் எடுத்தார், ஸ்ட்ரூவைட்தான். தனி உணவு இரண்டு மாதத்துக்கு, டின்னாக, மூட்டை வேண்டாம் என்றார். சிறுநீரகத்துக்கான ரத்த அளவை மூன்று வாரம் கழித்து ஒரு தடவை பார்க்கலாம். பல்லைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வருடம் போகட்டும் என்றார். மொத்தம் 118 வெள்ளி, உணவு தனி.

தண்ணீர் விஷயத்தில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். மின்சார ஊற்று மாதிரி ஒன்று வாங்கினேன், அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பூஜை அறைச் செம்பில்தான் தலையை விடுகிறான். அதே மாதிரி செம்பு இரண்டு தேக்காவில் வாங்கி வீட்டில் வேறு வேறு மூலையில் வைத்தால் போதுமா, இல்லை ஈர உணவிலேயே இன்னும் தண்ணீர் கலக்க வேண்டுமா?

கூண்டுக்கு இந்தப் பக்கம்:

இரண்டையும் செய்யுங்கள். செம்பைச் சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பூனைகள் அங்கே குடிக்கத் தயங்கும். உணவில் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள், ரசம் மாதிரி ஆக்கிவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவான். தினமும் மணலில் எத்தனை சிறுநீர்க் கட்டி, எவ்வளவு பெரியது என்று எண்ணி வையுங்கள், ஒருநாள் கட்டியே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.