புளோரிடா வளர்ப்புப் பராமரிப்பு நிதி: களத்தில் பணியாற்றியவர்களிடம் ஒரு வேண்டுகோள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் சமூகப்பணி படிக்கும் நான், குழந்தைகள் நல நிதி குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்கு-ஈ பிரிவின்படி மாநிலங்களுக்கு வரும் மத்திய அரசுப் பணம், குழந்தை பெற்றோரைப் பிரிந்து, அரசு ஏற்பாட்டில் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற பிறகே பெரும்பாலும் கிடைத்து வந்தது. அதற்கும் பெற்றோரின் வருமானம் 1996ஆம் ஆண்டு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றும் தொடர்வது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. 2006இல் புளோரிடா மாநிலம் இவ்விதிகளிலிருந்து பெற்ற விதிவிலக்கு, உச்சவரம்புள்ள தொகையை ஏற்பதற்கு ஈடாக, குடும்பத்தில் பிரிவு நேராமல் தடுக்கும் உதவிகளுக்கும் அதைச் செலவிட இடமளித்தது. இத்தகைய விதிவிலக்குகள் யாவும் 2019 செப்டம்பர் 30 அன்று முடிவடைந்தன. பிரிவைத் தடுக்கும் உதவிகளுக்கென வந்த 2018ஆம் ஆண்டின் சட்டம் (Family First) மனநலச் சிகிச்சை, போதை மீட்பு, பெற்றோர் பயிற்சி ஆகியவற்றுக்கு, ஆய்வுச் சான்றுள்ள திட்டங்களாக இருந்தால், பணம் தருகிறது; ஆனால் குடும்பத்தின் வாடகை பாக்கியைத் தீர்ப்பது போன்ற உதவி அதில் தனி இனமாக இல்லை.

விதிவிலக்கு நடப்பில் இருந்த காலத்தில் புளோரிடாவில் குழந்தைகள் நலப் பணியில் இருந்தவர்கள், அதன்படி வந்த பணம் நடைமுறையில் எதற்கெல்லாம் பயன்பட்டது, 2019க்குப் பின் எந்த உதவி முதலில் நின்றது என்பதைக் குடும்பங்களின் அடையாளம் வெளிப்படாத வகையில் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.