வட ஆற்காட்டிலிருந்து புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு: மனம்விட்டுப் பேச நாலு பேர் வேண்டும்

பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் அது வட ஆற்காடுதான். அந்த மண்ணிலிருந்து இங்கிலாந்துக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, குளிருக்கு என்ன கோட்டு வாங்குவது என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. வேலையில் நடப்பதையும் வீட்டில் நடப்பதையும் மறைக்காமல் சொல்லக்கூடிய நாலு பேரை, வந்த முதல் சில மாதங்களிலேயே தேடிக்கொள்ளுங்கள். சிக்கல் வந்த பிறகு தேடினால் அவர்கள் அந்நியர்களாகத்தான் இருப்பார்கள்.

ஊரில் இருப்பவர்களிடம் நாம் உண்மையைப் பேசுவதில்லை, அவர்களும் நம்மிடம் பேசுவதில்லை. வீடியோ அழைப்பில் அப்பா போனைப் பிடிக்கிற விதத்தில் அவருடைய நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். "எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிடு" என்பார். கணுக்கால் வீங்கியிருப்பது அந்தத் திரைக்குள் வராது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கத்தியதை நீங்களும் சொல்ல மாட்டீர்கள். இரண்டு பக்கமும் பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனாலும் மறைத்ததை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும்.

நான் குடியாத்தத்துக்காரி. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் சிறு வட்டத்தில் ஷார்ஜாவில் கிடங்கு வேலை பார்க்கும் ஆம்பூர்த் தம்பி ஒருவர், சிங்கப்பூரில் கணினி வேலையில் இருக்கும் வாலாஜாபேட்டைப் பெண், ஜெர்மனியில் ஆரணித் தம்பதி. சனிக்கிழமை பேசுவோம். சிங்கப்பூரில் இரவு பத்தரை, ஷார்ஜாவில் மாலை ஆறரை, குளிர்காலமென்றால் இங்கே பகல் இரண்டரை. பெரிய விஷயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், விடுப்பு மறுத்துவிட்டார்கள், மாமியார் வந்ததிலிருந்து சமையலறையில் பேச்சே இல்லை, இப்படித்தான் பெரும்பாலும் போகும். இந்தச் சின்ன விஷயங்களைச் சொல்லிப் பழகியிருந்ததால்தான் பெரியது வந்தபோது தயங்காமல் வாய் திறக்க முடிந்தது.

ஆம்பூர்த் தம்பியின் கதை அப்படிப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து அவர் பேசாமல் இருந்தார். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போக முடியுமா என்ற பேச்சு வந்தபோதுதான் அது வெளியே வந்தது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, வேலை கொடுப்பவர் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. ஆளெடுக்கும் செலவையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதைப் போல எத்தனை மடங்கு கொடுத்துவிட்டுப் போகிறார்கள் நம் பிள்ளைகள்! இதை அவருக்குச் சொல்ல வழக்கறிஞர் தேவைப்படவில்லை. வட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது என்று வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து எழுதினோம். அடுத்த வாரமே பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. விசா முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் எதைக் கேட்டாலும் வேலை போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. வேலை போனாலும் மறுநாளே விமானம் ஏற்றிவிட மாட்டார்கள். விசாக் காலத்தைக் குறைத்துக் கடிதம் வந்தால், பொதுவாக அதிலிருந்து 60 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு முதலாளியை, தேடலாம். வேலை உரிமை பற்றிக் கேட்க, அரசுப் பணத்தில் இயங்கும் ஏகாஸ் அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம். சம்பளச் சீட்டு புரியவில்லையென்றால் வெட்கப்படாமல் நண்பரிடம் காட்டுங்கள். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள்தான் நாம். நம்பிக்கையான நாலு பேரிடம் சொன்னால்தான் பிடித்தம் சரியா தவறா என்று தெரியவரும்.

இனிப் பெற்றோர் விஷயம். எனக்கு மனத்தை அதிகம் அரிப்பது இதுதான். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நம் அப்பா அம்மாவோ, "கூட்டமாக இருக்கும், யார் கூட வருவார்கள்" என்று நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். பணம் அனுப்பிவிடலாம். கூடப் போகும் ஆளை எப்படி அனுப்புவது?

எங்கள் வட்டம் அதற்கு ஒரு வழி கண்டது. வாலாஜாபேட்டைப் பெண்ணின் அண்ணன் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். என் அப்பாவுக்கு இதயப் பரிசோதனை இருந்தபோது அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அப்பாவுக்குத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். ஆரணிக்காரர்களின் அம்மாவுக்குக் கண் அறுவை நடந்தபோது என் சித்தி மகள் ஆரணிக்கே போய் இரண்டு நாள் தங்கினாள். நமக்கு இங்கே நாலு பேர் கிடைத்தால், ஊரில் நம் வீடுகளுக்கும் நாலு பேர் கிடைக்கிறார்கள். பெற்றோரின் மருத்துவமனை எண், பழைய அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை ஆகிய எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, அவசரத்துக்கு ஓடக்கூடிய ஒருவரிடம் இப்போதே கொடுத்துவையுங்கள்.

கணவனின் வேலைக்காகக் கூட வந்த மனைவிமார்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எம்சிஏ முடித்து, ஊரில் கல்லூரியில் பாடம் நடத்தியவர் இங்கே நாலு சுவருக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணவனுக்கு அலுவலகத்திலாவது மனித முகம் உண்டு. மாலையில் அவர் களைத்து வந்து உட்காரும்போது இவர் பேச ஆரம்பிக்கிறார், அங்கேதான் சண்டை தொடங்குகிறது. தம்பிகளே, உங்கள் நண்பர்களின் மனைவிகள் உங்கள் மனைவியின் நண்பர்கள் ஆகிவிட மாட்டார்கள். அவருக்கென்று தனியாக நாலு பேர் வேண்டும், அவர்களிடம் உங்களைப் பற்றிக் குறை சொல்லும் உரிமையும் வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஊர்ப்பாசம் நல்லது, ஆனால் ஒரே தெரு, நெருங்கிய சொந்தம் வேண்டாம். இங்கே சொன்னது நீங்கள் போனை வைப்பதற்குள் குடியாத்தம் கடைத்தெருவுக்குப் போய்விடும். கேட்டதை அடுத்தவரிடம் சொல்லாதவர்தான் முதல் தகுதி உடையவர். வட்டத்துக்குள் கைமாற்றுக் கடனும் சீட்டுப் பிடிப்பதும் கூடவே கூடாது. பண விவகாரம் வந்தால் அதற்குப் பிறகு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நிலம் விற்கப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதித் தரச்சொல்லி ஊரிலிருந்து அழுத்தினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துப் பார்த்து, வட்டத்தில் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நண்பர்களால் தாங்க முடியாததும் உண்டு. தூக்கமே இல்லை, இருந்து என்ன பயன் என்று யாராவது சொன்னால், அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இங்கிலாந்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளப் பணம் வேண்டாம், விலாசச் சான்றும் கட்டாயமில்லை.

திருவிழா நாட்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை யாரோ போனில் அனுப்புவார்கள். நீங்கள் பணியில் இருப்பீர்கள். அன்று தனியாகச் சாப்பிடாதீர்கள்.

செவிலியர்களுக்கு ஆள் தேடுவது எளிது. வேலூரில் 1909இல் சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியதிலிருந்து அங்கே படித்தவர்கள் உலகமெங்கும் பரவியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையிலும் ஒரு மூத்த அக்கா இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கும் போங்கள், குழந்தை இல்லாவிட்டாலும் போகலாம். யாரும் அகப்படவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். எந்த நாடு, என்ன வேலை, ஊரில் பெற்றோர் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். பொருத்தமானவரோடு சேர்த்துவிடுகிறேன்.