சந்திரலேகா இப்படி ஆட எது காரணம்?

கேள்வி:
ஒன்பது வருடமாகப் பரதம் கற்கிறேன். போன வாரம் நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் 'சரீரா' (2001) நடனப் பதிவைப் பார்த்தேன். கதை இல்லை, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டும் அபிநயம் இல்லை, துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாட்டுக்கு இரண்டு உடல்கள் அவ்வளவு மெதுவாக அசைகின்றன, கண்ணை எடுக்க முடியவில்லை. பரத ஆசான் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் கற்றவர் அங்கிருந்து இங்கே எப்படி வந்தார்? யாருடைய தாக்கம் இது?

பதில் 1:
ஆளைத் தேடுவதை விட அவருடைய அரங்கேற்றத்தைப் பாருங்கள். 1952, ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. 'மதுரா நகரிலோ' என்ற பாட்டுக்கு ஆடுகிறார், யமுனையில் தண்ணீரை வாரி இறைக்கிற இடம், அப்போது பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலமும் குடத்தோடு வரிசையில் நிற்கும் மக்களும் நினைவுக்கு வந்து உறைந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். மேடையில் தண்ணீர், வெளியே வறட்சி. இந்த முரண் கடைசி வரை அவரை விடவில்லை. நடுவில் பல வருடம் மேடையை விட்டு விலகி, பெண்கள் இயக்கம், சுவரொட்டி, எழுத்து என்று இருந்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

பதில் 2:
அது மனசு. உடம்புக்கு வேறு பதில் உண்டு, கேரளத் தற்காப்புக் கலையான களரியும் யோகாவும். 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் களரிக்காரர்களையும் பரதம் ஆடுபவர்களையும் ஒரே மேடையில் நிறுத்தினார். பரதத்தில் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் நாம் இடுப்பைத் தாழ்த்துகிறோம் இல்லையா, களரியில் அதே தாழ்வு இன்னும் கீழே, தரையோடு போகும். இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரியும். நான் களரி பழக ஆரம்பித்த பிறகுதான் என் மண்டியே நேரானது, அதனால் இதை அடித்துச் சொல்கிறேன்.

பதில் 3:
பரத மேதை பாலசரஸ்வதியை விட்டுவிட்டீர்களே! எல்லப்பப் பிள்ளை அவருக்கு நட்டுவாங்கம் செய்தவர், அதாவது தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தியவர். பாலா, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி இருவரின் தாக்கமும் சந்திரலேகாவிடம் உண்டு. அபிநயத்தைக் கைவிட்டார் என்பதால் பாலாவிடம் எதுவும் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. உடம்பின் இன்பத்தைக் கூச்சமில்லாமல் மேடையில் வைக்கும் துணிச்சல் அங்கிருந்து வந்தது என்றே நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அரங்கேற்றக் கதை இன்று முழுக்க மனதில் ஓடியது, நானும் அந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறேன், ஒரு தடவை கூட வெளியே பார்த்ததில்லை. பெசன்ட் நகரில் அவர் உருவாக்கிய 'ஸ்பேசஸ்' அரங்குக்கு ஒரு மாலை போய்ப் பார்க்கிறேன். அப்புறம் களரி எங்கே பழகுகிறீர்கள், சொல்லுங்கள்.